வெளி நீச்சல் குளத்துக்கு ஏற்ற வெயில் காப்புச் சட்டை: ஆலோசனை தேவை

மதுரை திருநகரில் வசிக்கிறோம். என் மகளுக்கு வயது 11. ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாட்கள், மாலை 3.30 முதல் 5 மணி வரை, கூரையில்லாத குளத்தில் நீச்சல் பயிற்சி பெறுகிறாள். மார்ச் பிறந்ததிலிருந்து அவளுடைய தோள்களும் முதுகின் மேற்பகுதியும் சிவந்து எரிகின்றன. இரவில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் தவிக்கிறாள்.

முதலில் வெள்ளைப் பருத்திச் சட்டை அணிவித்தோம். பருத்தி நனைந்தால் புற ஊதாக் கதிரை முன்னிலும் அதிகமாக உள்ளே விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. கனத்துப்போய்க் கைவீச்சையும் தடுத்தது. எஸ்.பி.எஃப். 50 வெயில் காப்புக் களிம்பைப் பயிற்சியின் நடுவே மீண்டும் பூச வாய்ப்பில்லை. அடுத்து, யு.பி.எஃப். 50+ என்று அச்சிட்ட முழுக்கைச் சட்டையை இணையத்தில் வாங்கினேன்; நைலான் 80, ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் இழை 20 சதவீதம். கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் ஊடுருவாது என்பதே அந்த அளவீட்டின் பொருள். ஆனால் குளோரின் நீரில் மூன்றே மாதத்தில் துணி தளர்ந்து, இழைகளின் ஊடே வெளிச்சம் தெரிகிறது. விளக்குத்தூண் பகுதிக் கடைகளில் விசாரித்தபோது சாதாரண விளையாட்டுச் சட்டைகளையே காட்டினார்கள்.

ஸ்பான்டெக்ஸ் இல்லாத, பாலியெஸ்டரும் பி.பி.டி.யும் (குளோரினைத் தாங்கும் ஒருவகைப் பாலியெஸ்டர் இழை) கலந்த முழுக்கைச் சட்டையைக் குளோரின் நீரில் ஆறு மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்கள், அது மதுரை வெயிலுக்குத் தாங்கியதா என்று சொல்ல முடியுமா?