புதுப்பிப்பு: யூஎஸ்பி கேசிங்கில் எஸ்எஸ்டிக்கு டிரிம் போகிறதா?

கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் வாங்கிய யூஎஸ்பி கேசிங் (எஸ்எஸ்டியை உள்ளே வைத்து யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) டிரிம்மை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளையை, கடத்துமா என்று கேட்டிருந்தேனே, விடை: கடத்தவில்லை.

விண்டோஸின் டிரிம் அமைப்பைப் பார்க்கையில் ‘டிஸேபிள்டெலிட்நோட்டிஃபை = 0’ வந்தால் போதாது. விண்டோஸ் கட்டளை அனுப்பும் என்பதோடு சரி, டிரைவ் வாங்கிக்கொண்டதா என்பதை அது சொல்லாது. லினக்ஸில் டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் (டிரிம்) தெரிவோடு ஓட்டினால் டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் இரண்டும் 0பி, அதாவது இந்த வழியில் டிரிம் இல்லை. அதே டிரைவை நேராகக் கணினியின் சாட்டா இணைப்பில் மாட்டியதும் எண்கள் வந்துவிட்டன. ஆக, தடை டிரைவில் இல்லை, கேசிங் வழியில்தான்; பெரும்பாலும் அதன் பிரிட்ஜ் சிப் (சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் சிப்).

சாட்டாவில் உறுதிப்படுத்த: கோப்பு எழுதி, சிங்க் செய்து (டிரைவில் எழுதி முடிக்க வைத்து), எச்டிபார்ம் கட்டளையின் ஃபிப்மேப் தெரிவால் கோப்பு இருக்கும் செக்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பை அழித்து, மறுபடி சிங்க், பிறகு டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளை. அதே செக்டரைப் படித்தால் இங்கே எல்லாம் சுழியம். பழைய தரவே வந்தால் டிரிம் போகவில்லை என்று உடனே பழி போடாதீர்கள். சுழியம் தருவதாக எல்லா டிரைவும் உறுதி சொல்வதில்லை. எஃப்எஸ்டிரிம் இரண்டாம் முறை ‘0 பைட்’ என்றாலும் பதற வேண்டாம், லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஏற்கெனவே டிரிம் செய்த இடத்தை நினைவில் வைத்துத் தாண்டிவிடும்.