ஒரு நோட்டு மைனஸ் 130 ரூபாய்

இரண்டு சமன்பாடுகளில் ஒன்றிலிருந்து x-ஐ எடுத்து மற்றதில் போட்டுத் தீர்ப்பதுதான் பிரதியிடல் முறை. அதில் தடுமாறிய என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "மாமா, இந்தக் கணக்கே தப்பு, 70 = 70-ன்னு வருது" என்றாள், அழுகிற குரலில்.

கணக்கு இதுதான். 3 நோட்டும் 2 பேனாவும் 110 ரூபாய், 1 நோட்டும் 4 பேனாவும் 70 ரூபாய். ஒரு நோட்டின் விலை x, ஒரு பேனாவின் விலை y என்று வைத்தால் 3x + 2y = 110, x + 4y = 70. இரண்டாவதில் x தனியாக, முன்னால் பெருக்கும் எண் (கெழு) எதுவும் இல்லாமல் இருக்கிறது, அதனால் அதிலிருந்து x = 70 − 4y என்று சரியாகவே எடுத்திருக்கிறாள். பின்னம் வராமல் தப்பிக்க அதுதான் நல்ல வழி. ஆனால் அதை எடுத்த சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டாள். 70 − 4y + 4y = 70, y காணாமல் போய்விட்டது. அந்தச் சமன்பாடு சொன்னதையே அதனிடம் திருப்பிச் சொன்னால் புதிதாக என்ன கிடைக்கும்? மற்றதில் போடு என்றேன்.

போட்டாள். இந்த முறை y = 50, x = −130. ஒரு நோட்டு மைனஸ் 130 ரூபாய்! விலை மைனஸில் வருமா என்று அவளே கேட்டுவிட்டாள், எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். தவறு அடைப்புக்குறியில். 3(70 − 4y) என்று எழுத வேண்டியதை 3 × 70 − 4y என்று எழுதியிருந்தாள். நான் பல பிள்ளைகளிடம் பார்த்ததில் இந்த முறையில் அதிகம் பேர் விழுகிற இடம் இதுதான்.

விதியைச் சொன்னால் இன்றைக்குத் தலையாட்டுவாள், நாளைக்கு மறந்துவிடுவாள். அதனால் x, y எல்லாவற்றையும் ஓரமாக வை, ஒரு நோட்டின் விலை என்ன என்று உன் வார்த்தையில் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "70 ரூபாயில நாலு பேனா காசு போக மிச்சம்" என்றாள். சரி, அப்போ மூன்று நோட்டு? "மூணு எழுபது, அதுல பன்னெண்டு பேனா காசு போகணும்... ஐயோ மாமா, பன்னெண்டு!" அவ்வளவுதான். 210 − 12y + 2y = 110, y = 10, x = 30. இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார் என்றேன், 90 + 20, 30 + 40, இரண்டும் சரி.

அடுத்த வாரம் மறுபடியும் போன். x + 2y = 5, 2x + 4y = 12. "இந்தத் தடவை மத்ததுலதான் போட்டேன், அப்பவும் y போயிடுச்சு, 10 = 12-ன்னு நிக்குது." இது அவள் தவறே இல்லை. முதல் சமன்பாட்டை இரட்டித்தால் 2x + 4y = 10, இரண்டாவதோ 12 என்கிறது. வரைந்து பார்த்தால் சந்திக்காத இரண்டு இணைகோடுகள், அதனால் தீர்வு கிடையாது. அந்த 12-க்குப் பதில் 10 இருந்திருந்தால் 10 = 10 வந்திருக்கும், இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள். அன்றைய 70 = 70 அப்படியல்ல, அது போட்ட இடம் தவறியதால் வந்தது. இந்த வித்தியாசத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய கணக்கு. 9-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் மகாவீரர் கணிதசார சங்கிரகம் என்ற தன் நூலில் கொடுத்தது. 9 பெரிய எலுமிச்சையும் 7 விளாம்பழமும் 107 காசு, 7 எலுமிச்சையும் 9 விளாம்பழமும் 101 காசு. நேராகப் பிரதியிட்டால் பின்னத்தில் மாட்டிக்கொள்வோம். முதலில் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 16 எலுமிச்சை 16 விளாம்பழம் 208, ஆக ஒன்றும் ஒன்றும் 13. கழித்தால் 2 எலுமிச்சை 2 விளாம்பழத்தைவிட 6 காசு அதிகம், ஆக ஒரு எலுமிச்சை ஒரு விளாம்பழத்தைவிட 3 காசு அதிகம். இப்போது பிரதியிடுங்கள், y + 3 + y = 13. விளாம்பழம் 5, எலுமிச்சை 8. இதை அவளுக்கு அனுப்பினேன், கூட்டிக் கழிக்கலாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பின்னத்தோடு போராடி அதே விடையைக் கொண்டுவந்தாள், அடைப்புக்குறி ஒன்றுகூட விடவில்லை.