கடவுள் உண்டு என்பதற்குக் கிறிஸ்தவக் காரணங்கள்: எது தாங்கும், எது உடையும்?

குடந்தை மறைக்கல்வி

பிளஸ் டூ பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்புக்குப் பாடம் தயாராகிறது. விவிலியத்தைத் திறக்காமல், அறிவைக் கொண்டே கடவுள் இருக்கிறார் என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் சொன்னது. உரோமையர் 1:20தான் அதற்கு அடிப்படை. வகுப்புக்கு எடுத்திருப்பது, கடவுள் உண்டு என்பதற்கு 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸ் சொன்ன ஐந்து வழிகளில் இரண்டாம் வழி: காரணத் தொடரைப் பின்தொடர்ந்தால் ஒரு முதல் காரணம் இருந்தாக வேண்டும் என்பது. உதாரணம் நம்ம ஊர்த் தண்ணீர். கடைமடை வயலுக்குக் கன்னி வாய்க்கால் கொடுக்கிறது, அதற்குப் பிரிவு வாய்க்கால், அதற்கு வெண்ணாறு, அதற்குக் கல்லணை. எந்த வாய்க்காலும் தண்ணீரை உண்டாக்குவதில்லை, வாங்கியதைத் தள்ளிவிடுகிறது. வாய்க்காலுக்குப் பின்னால் வாய்க்கால் என்று முடிவில்லாமல் அடுக்கினாலும் வயல் நனையாது. தன்னிடமே தண்ணீர் உள்ள ஒன்று இருந்தாக வேண்டும். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி)

ஓட்டை, கல்லணைக்குத் தண்ணீர் விடும் மேட்டூரிலேயே இருக்கிறது தோழர். மேட்டூருக்குத் தண்ணீர் குடகு மழையில் இருந்து. மழை கடலில் இருந்து. கடலுக்கு ஆறுகளும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, முதல் மதகு எங்கேயும் இல்லை. இன்னொன்று: ஜூன் 12 திறந்து ஜனவரி 28 அணையை மூடிய பிறகும் வயலில் ஈரம் இருக்கும். முதல் காரணம் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது இல்லாவிட்டாலும் குடி முழுகாது என்பதற்குத்தான் உங்கள் உதாரணம் பொருந்தும்.

வல்லம் தத்துவம்

இரண்டாவது அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குடந்தை ஐயா, உதாரணத்தை மாற்றிவிடுங்கள். அக்குவினாஸ் இரண்டு விதச் சங்கிலிகளைப் பிரிக்கிறார். தாத்தா, அப்பா, மகன் ஒரு விதம். தாத்தா போன பிறகும் அப்பா பிள்ளை பெறுவார். இது பின்னோக்கி முடிவில்லாமல் போகலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வாய்க்கால் இந்த ரகம். மற்றது, கை கோலைத் தள்ள, கோல் கல்லைத் தள்ளுவது. கை நின்ற அந்த நொடியே கோலுக்குத் தள்ளும் சக்தி கிடையாது. அவர் வாதம் நிற்பது இதில்தான். எப்போதோ நடந்த தொடக்கத்தைத் தேடுகிற வாதம் இல்லை. இந்த நொடியில் எல்லாவற்றையும் இருக்கச் செய்வது எது என்பதே கேள்வி. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிரூபிக்க முடியாது, அது விசுவாசம் என்று தன் பேரிறையியல் தொகுப்பின் முதல் பாகம் 46ஆம் கேள்வியில் எழுதியிருக்கிறார்.

அதனால் பெருவெடிப்பைக் கையில் எடுக்கவே வேண்டாம். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசினார். அந்தக் கொள்கைக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு குருவானவர். அவருக்கே அந்தப் பேச்சு உவப்பாக இல்லை. 2003இல் வந்த போர்ட், கூத், விலென்கின் தேற்றத்தையும் சிலர் நீட்டுகிறார்கள். சராசரியாக விரிந்துகொண்டே வந்த பிரபஞ்சத்தை அதே விரிவாகப் பின்னோக்கி முடிவில்லாமல் கொண்டுபோக முடியாது என்பதோடு அது நின்றுவிடும். ஒன்றுமில்லாததில் இருந்து வந்தது என்று அது சொல்லவில்லை.

கடைமடைக்காரன்

சரி, கை–கோல்–கல். 1948இல் பிபிசி வானொலியில் காப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைக் குருவானவர் இதன் பங்காளி வாதத்தைத்தான் வைத்தார். எதிரே இருந்த ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸல் சொன்ன பதில் சுருக்கம்: பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் வேண்டும் என்று ஆகாது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதை வைத்து மொத்தத்துக்கும் ஒன்று கேட்பது எப்படி?

வல்லம் தத்துவம்

மொத்தம் என்ற தனிப்பொருளுக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. இரவல் வாங்கியவர்கள் மட்டுமே இருந்தால் இரவல் எப்படி வந்தது என்பதே கேள்வி. ஆனால் வாதத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை வகுப்பில் மறைக்கக் கூடாது. எந்த உண்மைக்கும் போதுமான காரணம் உண்டு என்ற விதியை விதிவிலக்கு இல்லாமல் பிடித்தால், கடவுள் உலகைப் படைத்ததும் வேறு வழியின்றி நடந்ததாகிவிடும். படைப்பு அவருடைய சுதந்திரச் செயல் என்ற போதனை அங்கே அடிபடும். விதியைத் தளர்த்தினால் ரஸ்ஸல் அந்த இடைவெளியில் நுழைந்துவிடுவார். எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் இன்றுவரை சண்டை.

பிள்ளைகள் கட்டாயம் கேட்பது, ‘அப்ப கடவுளை யார் படைச்சது?’ எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று முதல் படியை எழுதினால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். தன்னால் இருக்க இயலாதவற்றுக்குக் காரணம் உண்டு என்று கரும்பலகையில் எழுதுங்கள்.

ஆவடுதுறை அன்பர்

இந்த வாதத்தைக் கேட்க நாங்கள் ரோம் போக வேண்டியதில்லை. தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்றுதான் எங்கள் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவே தொடங்குகிறது. ஆனால் அவன் நிமித்த காரணம் (செய்பவன்), மாயை முதற்காரணம் (மூலப்பொருள்), அவன் சக்தி துணைக்காரணம் (கருவி). பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை; மாயையும் இதில் அடங்கும்) மூன்றும் அனாதி, தொடக்கம் இல்லாதவை. ஒன்றுமில்லாததில் இருந்து உலகைப் படைத்தார் என்ற இடத்துக்கு உங்கள் வாதம் எந்தப் படியில் ஏறுகிறது?

வல்லம் தத்துவம்

நல்ல கேள்வி. கர்த்தா வரைக்கும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வருகிறோம். மாயை சடம் (அறிவற்ற பொருள்), தானாக இயங்காது என்று சித்தாந்தமே சொல்கிறது. இயக்கத்துக்குப் பதியைச் சார்ந்த ஒன்று, இருப்புக்கு மட்டும் ஏன் சாராமல் இருக்க வேண்டும் என்று அக்குவினாஸ் கேட்பார். அனாதியாகவே இருந்தாலும் சார்ந்தே இருக்கலாம் அல்லவா?

ஆவடுதுறை அன்பர்

கேட்கலாம். கேட்டதனாலேயே நிரூபணம் ஆகிவிடாது.

தரங்கம்பாடி லுத்தரன்

இவ்வளவு தூரம் வந்தும் இயேசுவின் பெயர் ஒருதரம்தான் வந்திருக்கிறது, அதுவும் ஒரு சபையின் பெயராக! 1518இல் ஹைடல்பெர்க்கில் லுத்தர் வைத்த 19, 20ஆம் கூற்றுகளைப் பாருங்கள். படைப்பு வழியாகக் காணக்கூடாததைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறவன் இறையியலாளன் அல்ல. சிலுவை வழியாகப் பார்க்கிறவனே இறையியலாளன். வகுப்பை, இயேசு உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சி சொல்லும் 1 கொரிந்தியர் 15இல் தொடங்குங்கள். நிருபம் எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 55. 3ஆம் வசனத்தில் பவுல், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அப்படியென்றால் அந்தச் சாட்சி நிருபத்தைவிடப் பழையது. கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு என்று ஆட்களைச் சொல்லி, பெரும்பாலானோர் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார்.

கடைமடைக்காரன்

அந்தப் பட்டியலில் கல்லறைக்குப் போன பெண்கள் இல்லையே ஐயா. மாற்கில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இருவர், யோவானில் மகதலேனா மரியாளின் பெயர் மட்டும். உயிர்த்த இயேசு தோன்றுவதைச் சொல்லும் மாற்கு 16:9 முதல் 20 வரை, விவிலியத்தின் மிகப் பழைய பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலுமே கிடையாது.

தரங்கம்பாடி லுத்தரன்

16:9–20ஐ ஆதாரமாக வைக்கவே கூடாது, சம்மதம். ஆனால் புனைகிறவன் பெண்களை முதல் சாட்சியாக வைப்பானா? அந்தக் காலத்தில் பெண் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. நான்கு சுவிசேஷங்களும் அதையே சொல்கின்றன.

கடைமடைக்காரன்

பழைய நம்பிக்கை என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். தத்துவவாதி ஹ்யூம் 1748இல் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது: சாட்சி தவறுவது அதிசயமா, செத்தவர் எழுவது அதிசயமா?

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணி கடற்கரையில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் யாத்திரிகர்கள். கோயிலுக்குள் அலை ஏறவில்லை, அது அற்புதம் என்று இன்றும் பேசுகிறார்கள். அது சாட்சி என்றால் கரையில் கிடந்த பிணங்கள் எதற்குச் சாட்சி?

குடந்தை மறைக்கல்வி

அந்தப் பேச்சுக்கு என் வகுப்பில் இடமில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் இருந்து ஒரு மாணவர் உட்கார்ந்திருக்கலாம்.

வல்லம் தத்துவம்

மனிதனின் சுதந்திரத்தைக் காட்டி கிறிஸ்தவத் தத்துவவாதி பிளான்டிங்கா 1974இல் கட்டிய பதில், கடவுளும் தீமையும் சேர்ந்தே இருக்க முடியாது என்ற வாதத்தை உடைக்கத்தான். கொலைக்கு அது எளிதாகப் பொருந்தும். கடலடியில் தட்டு நழுவியதற்கு யாருடைய சுதந்திரம்? அவர் சாத்தானைக் காட்டுகிறார். தர்க்கத்துக்கு அது போதும், பிள்ளை கேட்கும்போது போதாது. 1979இல் வில்லியம் ரோ என்ற நாத்திகத் தத்துவவாதி எடுத்தது வேறு கணக்கு: முடியாது என்று அவர் சொல்லவில்லை, இவ்வளவு வீண் துன்பம் இருக்கையில் கடவுள் இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். அதற்குச் சொல்லப்படும் பதில், கடவுளின் காரணம் நம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில்லை என்பது. துன்பப்பட்ட யோபுவிடம், நான் உலகுக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கடவுள் கேட்கும் யோபு 38ஆம் அதிகாரமும் அந்தப் பக்கம்தான். அதில் சிக்கல் என்னவென்றால், அவர் காரணங்கள் நமக்கு எட்டாது என்றால், உலகின் ஒழுங்கைப் பார்த்து அவர் நோக்கத்தைப் படிக்கும் ஐந்தாம் வழியும் சேர்ந்தே பலவீனமாகும். இரண்டையும் ஒரே ஞாயிற்றில் வைக்காதீர்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் கண்டுபிடித்துவிடுவான்.

குடந்தை மறைக்கல்வி

முதல் ஞாயிறு கை–கோல்–கல். இரண்டாவது, ரஸ்ஸலும் விலையும். மூன்றாவது 1 கொரிந்தியர் 15, பெண்கள் விஷயத்தோடு. ஐந்தாம் வழியை எடுத்துவிட்டேன். நான்காவது ஞாயிறு தீமைக்கு. கடைமடைத் தோழர், அன்று உங்கள் தரப்பை நேரில் வந்து சொல்ல முடியுமா?

கடைமடைக்காரன்

வருகிறேன். ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது.