‘ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்’ என்பது ஏன் பிழை?

கேள்வி:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். செய்வினை வாக்கியத்தைக் கொடுத்துச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால், எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றுள் உரியதைச் சேர்த்து, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுதி, ‘பை’ போட்டுச் சரியாக முடித்துவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் சொந்தமாகக் கட்டுரை எழுதும்போது ‘தி ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்’ என்று எழுதுகிறார்கள். அதைத் திருத்தியபோது ஒரு மாணவி, “விபத்து ஏற்பட்டது என்பதில் ‘பட்டது’ இருக்கிறதே, அது செயப்பாட்டுவினைதானே?” என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. எப்படி விளக்கலாம்?

மறுமொழி 1:

அந்த மாணவியைப் பாராட்டுங்கள். பிழையின் வேரையே அவள் தொட்டுவிட்டாள். ‘கடிதம் எழுதப்பட்டது’ என்பதிலிருந்து ‘படு’ என்னும் துணைவினையை நீக்கினால், ‘யாரோ கடிதத்தை எழுதினார்’ என்ற செய்வினை கிடைக்கிறது. ‘விபத்து ஏற்பட்டது’ என்பதை அவ்வாறு பிரிக்க முடியாது, ஏனெனில் ‘ஏற்படு’ என்பது முழுவதும் ஒரே வினை. புறப்பட்டார், ஆசைப்பட்டார், கஷ்டப்பட்டார் ஆகியவையும் அப்படித்தான். அவற்றில் ‘படு’ உண்டு, செயப்பாட்டுப் பொருள் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹாப்பன்’, ‘அக்கர்’, ‘அரைவ்’, ‘டை’ ஆகியவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். எழுவாயின் இடத்துக்குக் கொண்டுவரச் செயப்படுபொருளே இல்லாதபோது செயப்பாட்டுவினை எங்கிருந்து வரும்?

மறுமொழி 2:

மேலே சொன்னதன் மறுபக்கத்தையும் வகுப்பில் காட்டுவது நல்லது. ‘ஐ வாஸ் பார்ன்’ என்பது ஆங்கிலத்தில் செயப்பாட்டு வடிவம். நாமோ ‘பிறந்தேன்’ என்று செய்வினையாகவே சொல்கிறோம். இதைவிட முக்கியமானது ‘ஐ வாஸ் கிவன் எ புக்’ என்ற அமைப்பு. ‘கிவ்’ என்னும் வினைக்குப் பொருளும் பெறுபவரும் ஆகிய இரண்டும் செயப்படுபொருளாக வரலாம் என்பதால், பெறுபவரையும் ஆங்கிலம் எழுவாயாக்கிவிடுகிறது. தமிழில் பெறுபவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்பார்: ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது.’ ‘நான் கொடுக்கப்பட்டேன்’ என்றால் என்னையே யாரிடமோ ஒப்படைத்ததாகப் பொருள்படும். தமிழை மனத்தில் வைத்து எழுதும் பிள்ளைகளுக்கு இந்த ஆங்கில அமைப்பு இயல்பாக வராது. தனியாகப் பழக்க வேண்டும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘படு’ நீக்கிப் பார்க்கும் சோதனையை நாளையே செய்து காட்டுகிறேன். இன்னும் ஓர் ஐயம் உண்டு. ‘தி கிளாஸ் ப்ரோக்’ என்பது எந்த வினை? கண்ணாடி எதையும் செய்யவில்லை, அதற்குத்தான் ஏதோ நேர்ந்தது. ஆயினும் அது எழுவாயாக நிற்கிறதே?

மறுமொழி 3:

வடிவத்தால் அது செய்வினைதான். இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிதும் உதவுகிறது. கண்ணாடி உடைந்தது, அவன் கண்ணாடியை உடைத்தான், கண்ணாடி உடைக்கப்பட்டது என மூன்றையும் நாம் வெவ்வேறு வடிவங்களில் சொல்கிறோம். ஆங்கிலம் முதல் இரண்டுக்கும் ‘ப்ரோக்’ என்ற ஒரே வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ‘வாஸ் ப்ரோக்கன் பை’ என்று தொடங்கினால் உடைத்தவர் அல்லது உடைத்த பொருள் பின்னால் வர வேண்டும்; ‘ப்ரோக்’ மட்டும் நின்றால் செய்தவரைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

‘தி புக் செல்ஸ் வெல்’ என்பதையும் இதனோடு சேர்த்துக் காட்டுங்கள். புத்தகம் விற்பதில்லை, விற்கப்படுகிறது. ஆயினும் வினை செய்வினை வடிவில் வருகிறது. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் மரபே என்று தொல்காப்பியத்தின் வினையியல் கூறுகிறது; உரைகளில் அதற்குக் காட்டப்படும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணையை மெழுகியவர் வேறு, வினைமுற்றோ திண்ணைக்கு உரியதாக நிற்கிறது. ஆங்கிலத் தொடர் புத்தகத்தின் தன்மையைச் சொல்கிறது, தமிழ்த் தொடர் நடந்து முடிந்த ஒரு செயலைச் சொல்கிறது என்பதால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆனாலும் இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று என்று பிள்ளைகள் உணர்வார்கள்.

வாக்கியத்தை மாற்றும் பயிற்சியைக் குறைத்துவிட்டு, ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, இதில் ‘பை’ ஏன் வரவில்லை என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். திருடியவர் யாரென்று தெரியாது, பேச்சும் பர்ஸைப் பற்றியதே என்ற காரணத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.