அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்கள்: நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

மனுநீதி
மூன்று பிரிவிலும் சிறைத் தண்டனை, ஏக காலத்தில், அதாவது மூன்றையும் ஒரே நேரத்தில் அனுபவிக்க உத்தரவு. பிரிவுக்கு ₹5,000 அபராதம், கட்டத் தவறினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் சிறை. தண்டனை முடியும் நாளை எண்ணி, அந்தப் பையனின் அம்மா மாற்றுத்துணியோடு சிறை வாசலுக்கு வந்துவிட்டார். "இன்னும் ஒன்பது மாசம் இருக்கும்மா" என்றார் காவலர். அந்த அம்மா பையைத் திறந்து சட்டையை எடுத்துக் காட்டினார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அபராதத்துக்கான சிறை ஏக காலத்தில் ஓடாது, ஒன்று முடிந்துதான் அடுத்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. தீர்ப்பன்றே வக்கீல் சொல்லியிருக்க வேண்டாமா?

தாழ்வாரம்
வக்கீல் மேல் மட்டும் பழி போடாதீர்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. விசாரணைக் கைதியாக எட்டு மாதம் இருந்தவருக்கு ஆறு மாதத் தண்டனை, கூடவே அபராதம். மிச்ச இரண்டு மாதம் அபராதத்துக்குக் கழியும் என்று நம்பியிருந்தார். கழியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 428-லும் சரி, அதற்குப் பதில் வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 468-லும் சரி, அபராதம் கட்டாததற்கான சிறைக்கு அந்தக் கழிவு கிடையாது. தீர்ப்பு சொன்ன மாலையே திரும்ப வேனில் ஏற்றினார்கள். "அதான் முடிஞ்சிருச்சே சார்" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே ஏறினார்.

கட்டுக்காகிதம்
ஐயா, நடந்ததைப் பேசுவதோடு செய்ய வேண்டியதையும் பேசுவோம். முழுத்தொகை இல்லை என்று பல குடும்பங்கள் கையில் இருப்பதையும் கட்டாமல் விட்டுவிடுகின்றன. அங்கேதான் கெடுகிறது. பகுதித் தொகை கட்டினாலும் அந்த விகிதத்துக்குச் சிறை குறையும், புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 8-வது பிரிவைப் பாருங்கள், பழைய இந்திய தண்டனைச் சட்டம் 69-ம் அதுதான். ₹6,000 அபராதம், தவறினால் ஆறு மாதம் என்று வையுங்கள். நாலு மாதம் கழிந்துவிட்டால் ₹2,000 கட்டினாலே வெளியே வரலாம். தண்டித்த நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது மட்டும் போதாது, நீதிமன்றத்தின் தகவல் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கட்டினால் பெரும்பாலும் திங்கள்தான்.

சிறையே இல்லாமல் வெறும் அபராதம் என்றால் அன்றே தவணை கேளுங்கள், பிணைப்பத்திரத்தின் பேரில். முப்பது நாளில் மொத்தமாக, அல்லது இரண்டு மூன்று தவணையாக. முதல் தவணை முப்பது நாளுக்குள். இது நீதிபதியின் விருப்புரிமை, வாய் திறந்து கேட்காவிட்டால் கிடைக்காது.

எதுவுமே இல்லாதவர்களுக்கு 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் இருக்கிறது. அந்த நெறிமுறைப்படி தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு ₹25,000 வரை. சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்கு எழுதுவார், அவர்கள் வசதியை விசாரிப்பார்கள், மாவட்ட அளவிலான குழு ஒப்புதல் தரும், பணம் நேரே நீதிமன்றத்துக்குப் போகும். சிறையிலிருந்து அந்தக் கடிதம் கிளம்புகிறதா என்று குடும்பம்தான் விடாமல் கேட்க வேண்டும். பெரும்பாலும் தேங்குவது அங்கேதான்.

மனுநீதி
கேட்டது யோசனை இல்லை என்றாலும், அந்த விகிதக் கணக்கு எனக்கே புதிது. நன்றி.

பத்தாம்எண்
திட்டம் திட்டம் என்கிறீர்களே, கஞ்சா வழக்கை அதில் சேர்க்கவில்லை. பிடிபட்டது சட்டம் 'வணிக அளவு' என்று சொல்லும் பெரிய அளவு என்றால் சிறை பத்து வருடத்துக்குக் குறையாது, அபராதமும் ₹1 லட்சத்துக்குக் குறையாது. நீதிபதி மனசு வைத்தாலும் அந்தத் தொகையில் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. கூலிக்கு மூட்டை சுமந்து போனவரிடம் "கட்டுகிறாயா?" என்று கேட்டபோது, "லட்சத்துக்கு எத்தனை சைபர்?" என்று பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் கேட்டார்.

தொகைதான் கட்டாயம், கட்டாவிட்டால் எத்தனை மாதம் என்பது நீதிபதி கையில் இருக்கிறது. 2007-ல் சாந்திலால் என்பவரின் போதைப்பொருள் வழக்கில், ₹1 லட்சம் கட்டாவிட்டால் என்று விதித்த மூன்று வருடச் சிறையை உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாக்கியது. மேல்முறையீட்டில் தண்டனையை மட்டும் எதிர்த்துவிட்டு இதைக் கேட்காமல் விடுகிறார்கள். மனுவில் தனிப் பத்தியாகவே எழுதச் சொல்லுங்கள்.