புதுப்பிப்பு: கிளென்ட்ரஸில் ஒரு நாள், முடிவான திட்டம்

ஸ்காட்லாந்தில் பீபிள்ஸ் அருகிலுள்ள கிளென்ட்ரஸ் காட்டில், மலைச் சைக்கிளுக்குப் புதியவனான என் தம்பியுடன் ஒரு நாளை எப்படிச் செலவிடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த யோசனைகளைச் சீர்தூக்கிப் பார்த்ததில் திட்டம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

இங்கே பாதைகளின் கடினத்தை நிறங்கள் காட்டும்: நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். காலையில் நீலப் பாதையை முழுதாகச் சுற்றிவிட்டு, மதிய உணவுக்குப் பின் சிவப்புக்குப் போகுமாறு பலர் சொன்னார்கள். ஆனால் சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள சிவப்புப் பாதையில் நீண்ட ஏற்றம் தொடக்கத்திலேயே வருவதால், களைத்த கால்களுடன் அதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே நீலத்தில் ஒரு பகுதியை மட்டும் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொண்டு, தம்பிக்கு நம்பிக்கை வந்தால் உணவுக்கு முன்பே சிவப்பில் ஏறுவோம். வராவிட்டால் நாள் முழுவதும் நீலம்தான்.

சிவப்புப் பாதையின் உச்சியிலிருந்து இறங்கும் ஸ்பூக்கி வுட் பகுதிதான் அவனுக்குச் சவால். சாய்வான திருப்பங்களுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், ஏனெனில் ஈரச் சரளையில் திருப்பத்தின் நடுவே முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். தட்டையான உச்சியுள்ள மேடுகளைத் தாவாமல் உருட்டியே கடக்கலாம்.

கறுப்புப் பாதை பட்டியலில் இல்லை. 2023 உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் கிராஸ்கன்ட்ரி (ஏற்ற இறக்கமுள்ள கரடுமுரடான தடத்தில் ஓட்டும்) பந்தயங்கள் இந்தக் காட்டில்தான் நடந்தன. அந்தத் தடத்தை ஓட்டிப் பார்க்கும் ஆசையைத் தம்பி வராத நாளுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

மரம் வெட்டும் பணியால் பாதைகள் திருப்பிவிடப்படுவதுண்டு என்பதால், புறப்படும் முன் அறிவிப்புகளைப் பார்த்துவிடுவேன். வாடகைச் சைக்கிளுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும்.