பூட்டிக் கிடக்கும் வீட்டில் டிவிஆர் சூடு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கானாடுகாத்தான் பேரன்

படைப்புக்காக (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு) எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம். இரண்டாம் கட்டில் அடுக்கி வச்சிருந்த இனாமல் தூக்குவாளிகளும் ஒரு பெரிய பித்தளைத் தவலையும் காணோம். கேமராதான் இருக்கே, பார்த்துடலாம்னு பெரியப்பச்சி (பெரியப்பா) சொன்னாக. சென்னையில் இருந்தபடியே தினமும் செல்போனில் முகப்பு, வளவு (நடு முற்றம்), கொல்லைக் கதவு எல்லாத்தையும் பார்க்கிறவுக அவுக. படம் நின்னதே இல்லை.

கேமராப் படத்தைப் பதியிற டிவிஆர் இருந்தது பட்டாலையில (கூடத்துல) இருக்கிற பெட்டகத்துக்குள்ள. வர்றவன் முதல்ல அதைத்தான் தூக்குவான்னு உள்ளே வச்சுப் பூட்டியாச்சு. அடாப்டரும் உள்ளேதான், இன்டர்நெட் பெட்டியும் உள்ளேதான். கதவைத் திறந்ததும் முகத்துல அனல் அடிச்சது. பர்மாத் தேக்கு, நல்ல கனம், ஒரு இடுக்கு கிடையாது. வயர் போக ஒரு ஓட்டை, அதையும் எலி வரும்னு எம்சீல் வச்சு அடைச்சிருந்தாக.

என்னை இன்னும் அரிக்கிறது அதுக்கு அடுத்தது. மானிட்டரை மாட்டி பிளேபேக் காலண்டரைத் திறந்தோம். பதிவு இருக்கிற தேதிக்கு மூலையில் சின்னக் குறி இருக்கும்ல, அந்த மாசத்துல ஒரு குறியும் இல்லை. அண்ணன் முந்தின மாசத்துக்குப் போனார். வெறும் தேதிகள். அதுக்கு முந்தின மாசமும் அப்படியே. பின்னாடி நின்ன பங்காளிகள் பேச்சு ஒவ்வொருத்தரா அடங்கிடுச்சு. சித்திரையில் ஒரு நாள், மத்தியானம் வரைக்கும் இருந்தது. அந்த வெயிலோட டிஸ்க் எழுதுறதை நிறுத்தியிருக்கு. நேரலைப் படத்துக்கு டிஸ்க் வேண்டாமே, அதனால போன்ல எல்லாம் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.

மாட்டிட்டுப் போனவருக்கு இது தெரியாதா? பெட்டகத்துக்குள்ள வைக்கலாமான்னு கேட்டதுக்குத் தாராளமான்னு சொல்லியிருக்கார். வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

தேவகோட்டை ரஸ்தா

எங்க வீட்டுல பெட்டகம் இல்லை, துண்டு.

வீட்டைப் பார்த்துக்கிற ஐயாவுக்கு எழுபது வயசுக்கு மேல. அப்பச்சி காலத்துல இருந்து இருக்கார். நாங்க தீபாவளிக்கு வந்தப்ப டிவிஆர் மேல நாலா மடிச்ச துண்டு, அது மேல இன்னொரு துண்டு, ஓரத்தை அழகாச் சொருகி வச்சிருந்தார். எடுத்தேன், தேய்ச்சு முடிச்ச வேட்டி மாதிரி சுட்டது. கேட்டா, "ராத்திரியெல்லாம் கீ கீன்னு கத்துச்சு தம்பி, பாவம் தூசி பட்டுத்தான் கத்துதோன்னு மூடினேன், அப்புறம் சத்தம் குறைஞ்சிடுச்சு"ன்னார்.

அது டிஸ்க் கோளாறுன்னு டிவிஆர் போடுற எச்சரிக்கைச் சத்தம். அதை யாரும் அவர்கிட்ட சொல்லி வைக்கலை. அவர் அதைத் தடவிக் கொடுத்தபடி "இப்ப சரியாயிடுமா தம்பி"ன்னு கேட்டது இன்னும் கண்ணுல நிக்குது. அவர் மேல ஒரு சொல்லும் சொல்லக் கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

காரைக்குடி செக்காலை, கேமரா வேலை

முதல் பதிவு போட்டவருக்கு ஒரு வார்த்தை. மாட்டினவரைக் கேட்கிறீங்க. நான் இதே தொழில்ல இருக்கேன், அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. வீட்டுக்காரங்க எங்ககிட்ட முதல்ல சொல்றதே "வெளியே தெரியக் கூடாது"ங்கிறதுதான். பெட்டகம், இரும்புப் பெட்டி, மேங்கோப்புல ஓட்டுக்கு அடியில, மாடிப்படிக்குக் கீழ. சூடாகும்னு சொன்னா, "எங்க வீடு எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா"ன்னு பதில் வரும். வீடு குளிர்ச்சிதான். அந்தக் கனமான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் இருக்கிற வளவுல வெளியே கொளுத்துற வெயில் தெரியாது. ஆனா டிவிஆர் இருக்கிறது வளவுல இல்லை, ஒரு பெட்டிக்குள்ள. பெட்டிக்குள்ள தன் சூட்டிலேயே அது வேகுது.

எனக்கு நடந்தது சின்னதுதான். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுல பெட்டியைக் கழட்டினேன், உள்ளே இருக்கிற சின்ன ஃபேன் சுத்தலை. இறக்கைக்கு நடுவுல பல்லி, காய்ஞ்சு கிடந்தது. பக்கத்துல ரெண்டு முட்டை. கதகதப்பான இடம்னு வந்திருக்கு. அந்த முட்டையை எடுத்து வெளியே வைக்கக் கை வரலை எனக்கு, அதான் மறக்கலை.

இனி வைக்கப் போறவங்களுக்காகச் சொல்றேன். டிவிஆர் கூட வர்ற தாளைப் படிங்க. பல மாடல்ல மைனஸ் 10ல இருந்து 55 டிகிரி வரைக்கும்னு போட்டிருக்கும். அந்த 55 என்பது அதைச் சுத்தி இருக்கிற காற்றோட சூடு. உள்ளே இருக்கிற டிஸ்க் அதை விட எப்பவும் கூடுதலாத்தான் இருக்கும். கண்காணிப்புக்குன்னு விக்கிற பர்ப்பிள் டிஸ்க்குக்கே 65 டிகிரிதான் எல்லை. வெளியே 40, மூடின பெட்டிக்குள்ள அதுக்கு மேல எவ்வளவு ஏறும்னு நீங்களே கணக்குப் போடுங்க. வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் ராத்திரி தூங்கும். இது இருபத்துநாலு மணி நேரமும் சுத்திக்கிட்டே எழுதுது, ஓய்வே கிடையாது.

சூட்டைக் கையால தொட்டுப் பார்க்க வேண்டாம். மெனுவுல டிஸ்க் பகுதிக்குள்ள ஸ்மார்ட்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல 194ஆம் எண் வரிதான் வெப்பநிலை. 50ஐத் தாண்டினா நான் இடத்தை மாத்தச் சொல்லிடுவேன். 45க்குள்ள இருந்தா நிம்மதி.

அடாப்டரை டிவிஆர் கூட ஒரே பெட்டியில் போடாதீங்க, அது தனியா ஒரு அடுப்பு. ஐபி கேமராவுக்கு (நெட்வொர்க் வயர்ல ஓடுற கேமரா) அந்த வயர் வழியாவே மின்சாரம் கொடுக்கிற என்விஆர்னா (ஐபி கேமராவுக்கான டிவிஆர்) இன்னும் கவனம். அந்த முறையோட சாதா வகையிலேயே ஒரு போர்ட்டு 15.4 வாட் வரைக்கும் கொடுக்கலாம், எட்டு கேமரா இருந்தா எட்டுக்குமான மின்சாரமும் அந்தப் பெட்டி வழியாத்தான் போகுது. ராத்திரி கேமராவுல அகச்சிவப்பு விளக்கு எரியும்போது இழுப்பு கூடும், அதனால ராத்திரியில குளிர்ந்திடும்னு நம்பாதீங்க. மின்சாரத்தைத் தனியா ஒரு நெட்வொர்க் சுவிட்ச்ல (PoE சுவிட்ச்) இருந்து கொடுத்துட்டா என்விஆர் பாதி ஆறிடும்.

பெட்டகத்தை அறுக்கச் சொல்ல எனக்கும் மனசு வராது. அதைப் பொருள் வைக்க விட்டுடுங்க. வளவு உள் அறையில, ஆள் உயரத்துக்கு மேல, முன்னும் கீழும் வலை போட்ட இரும்பு ரேக்கைச் சுவரோட போல்ட் போட்டு இறுக்குங்க, பூட்டும் போடலாம். உள்ளே டிவிஆரைச் சுத்தி நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்க. காற்று கீழே நுழைஞ்சு மேலே வெளியேறணும், அதுக்கு மேல் தட்டுலயும் ஓட்டை வேணும். ஃபேன் வேணும்னா 120 மில்லிமீட்டர் பெரிய ஃபேன் ஒண்ணு போதும். 12 வோல்ட் ஃபேனை 9 வோல்ட்டுல ஓட்டினா மெதுவாச் சுத்தும், சத்தம் இருக்காது, ரொம்ப நாள் உழைக்கும்.

எல்லாத்துக்கும் மேல, ஆப்புல நேரலையைப் பார்த்துட்டு மூடாதீங்க. நேத்து ராத்திரி ரெண்டு மணிப் பதிவு ஓடுதான்னு பாருங்க. எச்சரிக்கைப் பகுதியில டிஸ்க் கோளாறுக்கு ஆப்புக்கே செய்தி வர்ற மாதிரி டிக் அடிச்சு வையுங்க. வீட்டுல யாரும் இல்லாதப்ப டிவிஆர் கத்தி என்ன பயன்?

கிள்ளான் ஆச்சி

தம்பி செக்காலை, நீங்க சொல்றது எல்லாம் சரி. வளவு உள் அறைன்னு ஒரே வரியில சொல்லிட்டீங்களே, அது யாரோட அறை?

எங்க வீட்டுல வளவைச் சுத்தி இருக்கிற ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு). டிவிஆரை எந்த அறையில வைக்கிறதுன்னு பேசிப் பேசி, கடைசியில பெரிய புள்ளி அறையில வச்சாக. சாவி அவுக மகன்கிட்ட, அவுக சிங்கப்பூர்ல. வைகாசியில அப்பச்சி (எங்க அப்பா) மட்டும் ஊர்ல தனியா இருந்தப்ப அறைக்குள்ள இருந்து அந்தச் சத்தம் வந்திருக்கு. திறக்க வழியில்லை. பட்டாலையில கட்டிலைப் போட்டு, பூட்டின நிலைக்கதவையே பார்த்துக்கிட்டு ராத்திரி பூரா உட்கார்ந்திருக்காக. எனக்கு போன் பண்ணி, "ஆத்தா, உள்ளே தீப்பிடிக்குமா?"ன்னு கேட்டாக. எண்பது வயசுல, அவ்வளவு பெரிய வீட்டுல, ஒத்தையில. நான் இங்கே மலேசியாவுல இருந்து என்ன செய்ய? மெயின் சுவிட்சை அணைச்சிடுங்க அப்பச்சின்னேன். அணைச்சா கொல்லைப் பக்கம் விளக்கு எரியாதுன்னாக. விடியிற வரைக்கும் போனை வைக்காம பேசிக்கிட்டே இருந்தேன்.

டிவிஆர் லைனுக்குத் தனி சுவிட்சு, அதுவும் பொது இடத்துல, இதை யாராவது முதல்லயே சொல்லியிருக்கணும். சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும், ஒருத்தராவது ஊர்ல இருக்கிறவுகளா இருக்கணும்.

புதுவயல்

செல்போன் சார்ஜர்ல ஓடுற சின்ன ஃபேனை மேல வச்சா சரியாப் போச்சுன்னு யாரும் இங்கே எழுதுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். எங்க ஊர் அரிசி மில் தூசிக்கு அது ஆகாது. காற்றோட தவிட்டுத் தூசியையும் சேர்த்து உள்ளே தள்ளிச்சு. திறந்தப்ப போர்டு மேல படிஞ்சிருந்த தூசியை விரலால வழிச்சு எடுத்தேன். ஃபேன் காற்றை வெளியே இழுக்கிற மாதிரி வையுங்க, நுழையிற பக்கம் வலை போடுங்க, வலையை மாசம் ஒரு தடவை தட்டுங்க. செக்காலை அண்ணன் வலையைச் சொன்னார், அதைச் சுத்தம் பண்ணணும்கிறதைச் சொல்லலை. அடைச்ச வலை இருந்தா பெட்டகமே மேல்.

நாட்டரசன்கோட்டை மருமகன்

மாமியார் வீட்டுல மாமா வெட்டிவேர்த் தட்டியை நனைச்சு டிவிஆருக்கு முன்னாடி தொங்க விட்டிருந்தார். மனுஷனுக்குக் குளிர்ச்சி கொடுக்கிறது மிஷினுக்கும் கொடுக்கும்தானேன்னார். அறையே மணந்தது. டிஸ்க் சூடும் இறங்கிச்சு, அதைப் பொய்னு சொல்ல மாட்டேன். மழைக்காலம் வந்ததும் பின்னாடி கேமரா வயர் சொருகிற முனையெல்லாம் பச்சைக் களிம்பு. ரெண்டு கேமரா படம் கோடு கோடா ஆடுச்சு. ஈரக் காற்றை அதுக்குள்ள ஊதக் கூடாது மாமான்னு சொல்ல நான் தயங்கித் தயங்கி, மனைவியை விட்டுத்தான் சொன்னேன். தட்டியை எடுக்கும்போது அவர் முகம் சுருங்கிப் போச்சு. அவ்வளவு ஆசையாப் பண்ணியிருந்தார்.

ஏசி அறையில வைக்கிறவங்களுக்கும் இதே சங்கதிதான். விருந்தாளி வந்தா மட்டும் ஏசி போட்டு, அணைச்சு, ஜன்னலைத் திறந்தா, குளிர்ந்த தகடு மேல ஈரம் முத்து முத்தாக் கட்டலாம். நிலையா 35 டிகிரியில இருக்கிற அறை, இப்படி ஏறி இறங்குற அறையை விட டிவிஆருக்கு நல்லது.

கானாடுகாத்தான் பேரன்

எல்லாருக்கும் நன்றி. செக்காலை அண்ணே, உங்க பக்க நியாயம் புரியுது. ஆனாலும் வீட்டுக்காரர் கேட்டாலும் "முடியாது, வேற இடம் பாருங்க"ன்னு சொல்றவர்தானே தொழில் தெரிஞ்சவர்? வைத்தியர் நோயாளி கேட்ட மருந்தைக் கொடுக்க மாட்டார்ல. இதுல நான் விட்டுக் கொடுக்கிறதா இல்லை.

புது டிஸ்க் போட்டு வளவு நடையில ரேக் மாட்டியாச்சு. பொது இடம், எந்தப் புள்ளிக்கும் சொந்தமில்லை. கிள்ளான் ஆச்சி சொன்ன மாதிரி தனி சுவிட்சும் வச்சாச்சு. 194ஆம் வரி இப்ப 43 காட்டுது. ஆனா வெளியே தெரியுதேன்னு பெரியப்பச்சிக்கு மனசு ஆறலை. தினம் ராத்திரி போன் பண்ணி, "இருக்கா, எடுத்துட்டானா"ன்னு கேட்கிறாக. பதிவையே வேற இடத்துலயும் வைக்க வழி இருக்கா?

கோத்தமங்கலம் முகப்பு

இருக்கு. உங்களோடது ஐபி கேமராவா இருந்தா அதுக்குள்ளேயே மெமரி கார்டு போடுற இடம் பலதுல இருக்கும். எங்க என்விஆர் கத்திரியில நின்னப்ப கேட்டு வரைக்கும் வந்து போன லோடு வண்டி நம்பர் அந்த கார்டுலதான் கிடைச்சது. திருட்டு இல்லை, தூணை உரசிட்டுப் போன வண்டி. கல்தூண்ல ஒரு பக்கம் பூ வேலைப்பாடு சிதறிப் போச்சு, அதைச் செதுக்க இப்ப யார் இருக்கா? நம்பர் இருந்ததால டிரைவரே வந்து ஒத்துக்கிட்டார்.

ஒண்ணு கவனிங்க. மேற்கு பார்த்த கேமராவுல கார்டு போடாதீங்க. சாயங்கால வெயில்ல அந்தக் குமிழ் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், கார்டும் சீக்கிரம் போயிடும். வளவுத் தாழ்வாரத்துலயும் வடக்கு பார்த்த கேமராவுலயும் போடுங்க. அடிக்கடி எழுதுறதைத் தாங்குற கார்டுன்னு கேட்டு வாங்குங்க, சாதா போன் கார்டு தாங்காது. கேமராவுல அசைவு இருந்தா மட்டும் பதியிற மாதிரி வச்சா சின்ன கார்டுலயே பல நாள் நிக்கும். கார்டை எடுக்கத்தான் பாடு, எங்க முகப்பு உயரத்துக்குப் பந்தல்காரங்க ஏணிதான் எட்டுது. அதனால மாட்டும்போதே ஆப்பு வழியா கார்டுப் பதிவைப் பார்க்க முடியுதான்னு சோதிச்சுட்டு அப்புறம் ஏணியை எடுக்கச் சொல்லுங்க.